மீன் வாங்கிய கை

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் உணவு மையத்தில், எதிர் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊரில் அதை வைத்துவிட்டால் இடம் பிடித்தாயிற்று என்று பொருள். இடம் என் தம்பிக்கு. யாருடைய வேட்பாளர் யோக்கியன் என்று நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருவரும் பொரிந்து தள்ளினோம். அவன் குழுவை விட்டே விலகிவிட்டான். ‘தேக்காவுக்கு வா, தே குடிக்கலாம்’ என்று காலையில் நான் அனுப்பிய செய்தியைப் பார்த்திருக்கிறான், பதில் இல்லை.

இதே மேசையில்தான் என் அத்தையும், ராத்தா என்று நாங்கள் அழைக்கும் எதிர்வீட்டு முஸ்லிம் அக்காவும் தினமும் காலையில் தே எனும் பால் தேநீர் குடிப்பார்கள். முதலில் வருபவர் மற்றவருக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். நான் முதன்முதலாக ஓட்டுப் போட்ட தேர்தலில் அந்தப் பழக்கத்துக்கே ஆபத்து வந்தது. அப்பப்பா, என்ன சூடு அது! கொடியும் ஒலிபெருக்கியும் கைகுலுக்கலுமாகச் சந்தையே திருவிழாக் கோலத்தில் இருந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கொள்கையைப் பற்றி இருவரில் யாரும் மூச்சு விடவில்லை. ஆள் எப்படி என்பதுதான் பேச்சு. ராத்தாவின் வேட்பாளர் மீன்காரருக்குக் கைகொடுத்துவிட்டு, திரும்பி நின்று கையைத் துடைத்ததை அத்தை பார்த்துவிட்டார்.

“உழைக்கிறவன் கைன்னா அவ்ளோ கேவலமா?”

“மீன் அறுத்த கை லா! நீயா இருந்தா துடைக்க மாட்டியா?”

“செத்தாலும் மாட்டேன். அவருக்கு ஓட்டுப் போடறவங்களுக்கும் அதே குணம்தான் இருக்கும்.”

ராத்தா பாதித் தேயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து தனித்தனி மேசை. அத்தை வீம்பாகத்தான் இருந்தார். ஆனால் வீட்டுக் கதவைப் பூட்டும்போதெல்லாம் எதிர்க்கதவை ஒருமுறை பார்ப்பார். பாவமாக இருக்கும்.

வாக்களிப்பு நாளன்று ஓட்டுப் போட்ட கையோடு அத்தையும் நானும் இங்கே வந்தோம். உட்கார இடமே இல்லை. பழைய மேசையில் மட்டும் ஒரு நாற்காலி காலி, அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். பக்கத்தில் ராத்தா, கையில் நீர் சொட்டும் மீன் பையுடன், வேறெங்கோ பார்த்தபடி.

“உக்காரு. தே ஆறுது.”

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்தாவின் ஈரக்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை விட்டவர், தன்னையறியாமல் அந்தப் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு தாளை உருவி, விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தார்.

ராத்தா அதையே பார்த்தார். அத்தையும் தன் கையைப் பார்த்தார்.

“ஐயோ ராத்தா, அந்த மனுசனுக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டேனே!”

அன்று அவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வயிறே வலித்தது.

இப்போது தம்பிக்கு வாங்கிவைத்த தே ஆறிக்கொண்டிருக்கிறது. தட்டோடு வந்த ஒருவர் நாற்காலியைக் காட்டி, “ஆள் இருக்கா?” என்கிறார்.

“என் தம்பி வர்றான் அண்ணே” என்கிறேன்.