தலைவரைக் குலுக்கி எடுத்த வருஷம்

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். பல வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர்தான். முதலாண்டு மாணவர்களுக்குப் பண்டைய கிரேக்கம் என் பங்கு. ஏதென்ஸ் நகரத்தில் குடிமக்கள் குன்றின்மேல் கூடிக் கைதூக்கி முடிவெடுத்தார்கள், பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல் முறையில்தான் ஆள் எடுத்தார்கள், ஒரு பதவி ஒரு வருஷத்துக்குத்தான் என்று சொல்வேன். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் சொல்வேன். இரண்டையும் ஒரே குரலில் சொல்லப் பழகிவிட்டது. வேலை முடிந்து தல்லாகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொன்னது எதுவும் மனதில் இருக்காது. தொண்டை மட்டும் வறண்டிருக்கும்.

தல்லாகுளத்தில் நாங்கள் இருப்பது ஒரு நாலு மாடி அடுக்ககம். மேல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் வெளிநாட்டில். அடுக்ககத்துக்கு ஒரு சங்கம் உண்டு. வீடு சொந்தமாக உள்ளவர்களுக்கு மட்டும்தான் அதில் ஓட்டு. ஓய்வுபெற்ற ஓர் அரசு அதிகாரி, நாங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே அதன் தலைவர்.

அந்தக் கோடையில் போர்வெல் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுவதென்று தலைவர் தாமாகவே முடிவு செய்தார். கீழ் வீடுகளில் ட்ரம் நிறைந்தது. எங்கள் மாடியில் குழாயைத் திறந்தால் இருமியது.

“கிளாஸ்ல அம்புட்டுப் பேசுறீங்கள்ல, கீழ போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க” என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். நான் உட்காரப் போனேன்.

“வாத்தியாரே, இது ஓனர்ஸ் மீட்டிங்” என்றார் தலைவர். கடுமையாகச் சொல்லவில்லை. அதனால் கோபப்படவும் வழியில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

தண்ணீர்ப் பேச்சு சீக்கிரமே தலைவர் பதவிப் பேச்சாக மாறியது. முதல் மாடியில் ஒரு நூல் வியாபாரி இருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் அவர்கள் மொழி, வெளியே எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ். அவர்தான் எழுந்தார். “அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. எத்தனை வருஷந்தான் நீங்களே இருப்பீங்க? ஆள மாத்துவோம்.”

பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் தலைவர் பக்கம். யாரைப் புதிதாகப் போடுவது என்று கேட்டால் அவர் பக்கமும் ஆளாளுக்கு ஒரு பெயர். இருட்டும்வரை கத்தினார்கள். கடைசியில் நூல் வியாபாரி படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

“சார் கிரேக்க ஜனநாயகமெல்லாம் நடத்துறவரு. அவர்ட்ட ஒரு வழி கேப்போம்.”

ஓட்டு இல்லாதவனிடம் யோசனை கேட்டார்கள். ஏதென்ஸிலும் அப்படித்தான். அந்த நகரத்து அரசியலைப் பற்றி மிக ஆழமாக எழுதிய தத்துவ ஞானிக்கே அங்கே ஓட்டு கிடையாது, வெளியூர்க்காரர். அதை நான் சொல்லவில்லை. குலுக்கல் முறையையும், ஒரு பதவி ஒரு வருஷத்துக்குத்தான் என்பதையும் மட்டும் சொன்னேன். “நம்ம ஊர்லயும் குடவோலை இருந்துச்சே” என்றார் ஒருவர், அவசரமாக. எல்லோருக்கும் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. யார் வீட்டிலிருந்தோ தூக்குவாளி வந்தது. கதவு எண்களை எழுதிப் போட்டார்கள். நான் யார் பக்கமும் இல்லாதவன் என்பதால் என்னையே எடுக்கச் சொன்னார்கள்.

வந்தது மூன்றாம் மாடி வீடு. அங்கே இருந்த அம்மா கோர்ட்டில் தட்டச்சர். கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வீடு அவர் பெயரில் இருந்தது. அவருடைய கணவர்தான் முதலில் எழுந்தார்.

“அவளுக்கு வேலை கெடக்கு. நான் பாத்துக்கிறேன்.”

“சீட்டு என் பேருக்குத்தான வந்துச்சு?” என்றார் அந்த அம்மா, உட்கார்ந்தபடியே. “நானே பாத்துக்கிறேன்.”

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நேராகச் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “இது தண்ணியில்ல சார், காத்து” என்றார். அந்த வாரமே ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி வால்வு வைத்து முறை போட்டுத் தண்ணீர் விட ஏற்பாடு செய்தார். விடியற்காலையில் அவரே இறங்கிப் போய் வால்வைத் திருப்பிவிட்டு வந்து, பிறகு சமைத்து, பிறகு கோர்ட்டுக்குப் போவார். எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. முதல் நாள் மனைவி வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்து நிரப்பினாள். அவளுக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் ஒரு வீடு மிச்சமில்லாமல் எல்லோரும் அந்த அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். லிஃப்ட் நின்றால், நாய் குரைத்தால், அடுத்த வீட்டு மிக்சி சத்தம் கேட்டால் போன். பழைய தலைவரிடம் பேச எல்லோருக்கும் பயம். இவரிடம் யாருக்கும் பயமில்லை. முதலில் சண்டைக்கு வந்தவர் நூல் வியாபாரிதான். அவர்கள் மாடியின் முறை அவருக்கு வசதிப்படவில்லை. மூன்று நாலு மாதத்தில் அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

அப்படியும் அவர் இன்னொன்று செய்யப் பார்த்தார். வாடகைக்கு இருப்பவர்களும் கூட்டத்தில் உட்கார வேண்டும், தண்ணீர் விஷயத்திலாவது கைதூக்க வேண்டும் என்றார். கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டார்.

“உங்க கிரேக்கத்துல இதுக்கு என்ன சார் சொல்லியிருக்கு?”

“அங்கயும் விடலம்மா.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப அதச் சொல்லாம விட்டுருவோம்.”

சொல்லாமல் விட்டும் பலனில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. ஒழுங்காகக் கைதூக்கினார்கள். ஏழெட்டுக் கைகளைத் தவிர மற்றதெல்லாம் வேண்டாம் என்று உயர்ந்தது. “சார் மேல மரியாதை இருக்கு. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார் நூல் வியாபாரி, என் முகத்தைப் பார்த்தே. தாயும் தகப்பனும் இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று அந்த மக்கள் சபையே ஒரு காலத்தில் கைதூக்கி முடிவு செய்தது. வருஷா வருஷம் அதைக் கரும்பலகையில் ஒரு வரியாக எழுதிப்போட்டுக் கடந்துவிடுவேன். அந்தக் கைகளும் லிஃப்ட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களின் கைகளைப் போலத்தான் இருந்திருக்கும் என்று படியில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. யார் மேலும் கோபம் வரவில்லை. எழுந்து மாடி ஏறத்தான் கால் வரவில்லை.

வருஷம் முடிந்தது. மறுபடி குலுக்க வேண்டிய ஞாயிறு. பாதி நாற்காலி காலி. ஏதென்ஸிலும் சபைக்கு ஆள் வராமல், சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றைச் சந்தையில் இழுத்துக்கொண்டு போய் ஆட்களைச் சபைப் பக்கம் ஒதுக்குவார்களாம். துணியில் சாயம் பட்டவனுக்கு அபராதம். இங்கே கயிறு பிடிக்கவும் ஆளில்லை.

என்னையே எடுக்கச் சொன்னார்கள். முதலில் வந்த வீட்டுக்காரர், “பையன் ப்ளஸ் டூ சார், இந்த வருஷம் முடியாது” என்றார். இரண்டாவது வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்றாவது வீட்டுக்காரர் கூட்டத்துக்கே வரவில்லை. போனில் கேட்டதற்கு, ஊரில் இல்லை என்றார். அவர் வீட்டு ஜன்னலில் டிவி வெளிச்சம் தெரிந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

“பழைய அண்ணனே இருக்கட்டுமே” என்றார் ஒருவர். திரும்பிப் பார்த்தேன். நூல் வியாபாரி. “நமக்கு யாருக்கு இங்க நேரம் இருக்கு? அவரு பாத்துக்கிருவாரு.”

பழைய தலைவர் இரண்டு முறை வேண்டாம் என்றார். மூன்றாவது முறை சொல்லவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் சந்தோஷத்தைவிட நிம்மதிதான் அதிகம் கேட்டது. வடக்கிலிருந்து ஓர் அரசனின் படை வந்துதான் ஏதென்ஸின் ஆட்சி ஒடுங்கியது என்று வகுப்பில் நடத்துகிறேன். எங்கள் அடுக்ககத்துக்குப் படை எதுவும் வரவில்லை. எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று, அவ்வளவுதான். எனக்கும்தான்.

தலைவர் தண்ணீர் முறையை மாற்றவில்லை. வால்வைத் திருப்ப ஓர் ஆளைப் போட்டார். கூட்டம் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்துப் பஸ் நிறுத்தத்தில் தட்டச்சர் அம்மாவைப் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது.

“இப்ப நிம்மதியாம்மா?”

“நல்லாத் தூங்குறேன் சார்.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “ஆனா விடிஞ்சதும் கால் தன்னால கீழ எறங்குது. பாதிப் படி போனப்பறந்தான் நமக்கென்னன்னு திரும்பி வாரேன்.”

“மறுபடி உங்க வீடு வந்தா செய்வீங்களா?”

“குலுக்குனாத்தான சார் வரும்” என்றார்.

என் பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. அன்று, அரசர்கள் ஆண்ட ஸ்பார்ட்டாவை நடத்த வேண்டும்.