ஏரியைப் பார்த்த சுவர்

பழவேற்காடு கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். பெயர் கோமளா. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாமே என் கடையில் ஒரே மெஷினில்தான் வெளியே வருகின்றன. கல்லில் பெயர் வெட்டுவதற்கு எழுத்து அச்சு எடுத்துக் கொடுப்பதும் உண்டு. அந்த வேலையால்தான் இந்திராணி மேஸ்திரி எனக்குப் பழக்கமானாள். பழக்கம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். கடைக்கு வந்தால் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, என் எழுத்துகளில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போகிறவள் அவள்.

இந்திராணி ஆரம்பாக்கத்துக்காரி. மீஞ்சூர்ப் பக்கம் சித்தாளாகச் செங்கல் சுமந்து வந்தவள். கொத்தனார்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில் அவர்களுடைய கரண்டியை எடுத்து ஒரு வரிசை கட்டிப் பார்ப்பாளாம். ஒருநாள் அப்படி அவள் கட்டிய வரிசையைத் தன்னுடையது என்று நினைத்து ஒரு கொத்தனார் அதன் மேலேயே வேலையைத் தொடர்ந்துவிட்டாராம். இந்தக் கதையை அவள் எனக்குச் சொல்லாத மாதம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கொத்தனாரின் மீசை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

வீடு கட்டுகிற வேலைக்கு ஆயிரம் பேர் போட்டி. ஒரு பொம்பளையை நம்பி வீட்டைக் கொடுக்கவும் ஆள் இல்லை. அதனால் யாரும் அதிகம் ஆசைப்படாத வேலையை அவள் பிடித்துக்கொண்டாள். செத்துப் போனவர்களுக்குக் கட்டுவது. கல்லறை, நினைவு வளைவு, நினைவு நிழற்குடை, குழாயடியில் நினைவு மேடை என்று ஏரியைச் சுற்றி அவள் கட்டாத ஊர் குறைவு.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. என்ன கட்டினாலும் அதில் உட்கார ஓர் இடம் இருக்க வேண்டும். “செத்தவங்க படுத்துக்குவாங்க. வர்றவங்க இன்னா, நின்னுக்குனே அழுவணுமா?” என்று கேட்பாள். செசிலியா என்கிற மீன்காரம்மாவின் தாயாருக்குக் கட்டிய கல்லறையில் பக்கவாட்டில் ஒரு பெஞ்சு வைத்தாள். செசிலியா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றபடி, அந்த வாரத்துச் சண்டைகளையெல்லாம் அம்மாவுக்கு ஒப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள்.

ஆரம்பாக்கத்தில் ராமன் என்பவர் நினைவாக ஒரு பஸ் நிழற்குடை கட்டினாள். அதில் பெஞ்சை இன்னும் அகலமாகப் போட்டுவிட்டாள். ஊரில் இருக்கிற சீட்டாட்டக்காரர்கள் எல்லாம் அங்கேயே குடியேறிவிட்டார்கள். ராமனின் மகன் வந்து, அப்பா படத்துக்குக் கீழேயே சீட்டாடுகிறார்கள் என்று கத்தினார்.

“உங்க நைனா சீட்டாடுவாரா?” என்று இந்திராணி கேட்டாள்.

“ஆடுவாரு.”

“அப்புறம் இன்னா பேஜாரு உனக்கு? தொணைக்கு ஆள் கெடச்சிதுன்னு இருப்பாரு.”

அந்த ஆளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒருமுறை அவளை எங்கள் ஊர் டச்சுக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து வாய் பிளந்து பார்க்கிற இடம். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். கல் வேலை நல்ல வேலை என்று ஒத்துக்கொண்டாள். பிறகு, “இவ்ளோ மெனக்கெட்டவன் உக்கார ஒரு கட்டை போட்டானா பாரு” என்றாள். அதோடு டச்சுக்காரர்களை அவள் தள்ளுபடி செய்துவிட்டாள்.

இப்படிப்பட்டவளைத் தேடி ஓடைமுனைக் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், ஏரிக்கரையோரமாக இருக்கிற சின்ன ஊர் அது. அதற்கு முந்தின வருஷம் முகத்துவாரத்தில் அலை தூக்கி ஒரு படகு கவிழ்ந்து, அந்த ஊர்க்காரர்கள் நான்கு பேர் போய்விட்டார்கள். மூன்று பேரின் உடல்கள் கரைக்கு வந்தன. ஆதிகேசவனை மட்டும் கடல் திருப்பித் தரவே இல்லை.

ஆதிகேசவனின் மனைவி ராஜாத்தி ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். அப்படிப் பிடிக்கிறவர்கள் பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். இறால் அகப்பட அகப்படப் பறியில் போட வேண்டும். வாயில் பறி இருப்பதால் பேச முடியாது. ஊரிலேயே அதிகம் பேசுகிறவளான ராஜாத்தி ஏரியில் இறங்கினால்தான் தன் காதுக்கு ஓய்வு என்று ஆதிகேசவன் கேலி செய்வானாம். அவன் போனதிலிருந்து அவள் தண்ணீரில் காலை வைக்கவில்லை. படகிலும் ஏறவில்லை. ரோட்டு வழியாக பஸ்ஸில் போய், காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கரையோரமாக ஒரு சுவர், அதில் நான்கு பெயர்கள் என்று ஊர் முடிவு செய்திருந்தது. இடம் பார்க்க வந்த அன்று ராஜாத்தி இந்திராணியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அக்கா, அவரைப் பொதைச்ச எடம்னு எனக்கு ஒண்ணும் இல்ல. பேரு கைக்கு எட்டற மாதிரி வெய்யி. தொட்டுப் பாக்கணும்.”

“வெக்கிறேன்” என்றாள் இந்திராணி. இதை என்னிடம் சொல்லும்போது அவள் என் டீயை ஆறவிட்டுவிட்டாள். அதனால் அவள் மனசில் அது எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்று எனக்குப் புரிந்தது.

வேலை தொடங்கிய நேரத்தில் மழை பெய்து குப்பத்து ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. லாரி வர வழியில்லை; மெயின் ரோட்டு பஸ் வரைக்கும் நடந்து போகத்தான் பாதை இருந்தது. செங்கல், மணல், சிமெண்ட், பெயர் வெட்டிய கிரானைட் பலகைகள் எல்லாம் படகில்தான் போயின. இந்திராணியும் தினமும் படகில்தான் போனாள். நடு ஏரியில் எழுந்து நின்று, கையை நெற்றிக்கு வைத்துச் சுவரைப் பார்த்து, இங்கே கொஞ்சம் தூக்கு, அங்கே கொஞ்சம் இறக்கு என்று ஆட்களுக்குக் குரல் கொடுப்பாள். ஊர்த் தலைவர் ஞானதாஸ் வலை போடப் போகும்போதும் வரும்போதும் தன் படகிலிருந்தே பார்த்து, பிரமாதம் என்று கையை ஆட்டுவார். எழுத்து அளவு சரிபார்க்க நானும் ஒருதரம் போனேன், படகில்தான். படகில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக நான்கு பெயர்களும் கருப்புக் கல்லில் தெரிந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. அழைப்பு ஃப்ளெக்ஸுக்குப் படம் எடுத்ததும் படகிலிருந்துதான். பெஞ்சு வழக்கம்போல உண்டு. மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுவது ஊர்ப் பக்கம் என்பதால் அதை அந்தப் பக்கம் போட்டிருந்தாள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், ரோடு சரியாகி, ஷாமியானாக்காரர் நாற்காலிகளோடு வேனில் வந்து இறங்கினார். ஃப்ளெக்ஸ் கட்டுவதற்காக நானும் அதே வேனில் போயிருந்தேன். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு அவர் சுவரைப் பார்த்தார். ஒரு பெஞ்சு, அதற்கு மேல் வெள்ளையடித்த வெறும் சுவர். திரை கட்டுவதற்கு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எங்கம்மா பேரு? எதைத் தொறக்கப் போறாங்க?”

“அந்தாண்ட கீது” என்றாள் இந்திராணி.

“அந்தாண்ட தண்ணிதானே கீது?”

இந்திராணி சுவரின் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஞானதாஸ் வந்தார். சுவரை இந்தப் பக்கமிருந்து அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார்.

“நான் டெய்லி பாத்தேனே. முகம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“எங்கேர்ந்து பாத்தீங்க, தலைவரே?” என்று கேட்டேன்.

“படகுலேர்ந்து” என்றார். சொன்ன பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஊர் கூடிவிட்டது. நடந்து போகிறபோது வெள்ளைச் சுவரை எல்லோரும்தான் பார்த்திருக்கிறார்கள். அது பின்பக்கம் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஏரியில் வாழ்கிறவர்களுக்கு எதற்குமே முன்பக்கம் தண்ணீர்ப் பக்கம்தான். திறந்து வைக்க ஓர் அதிகாரி ரோட்டு வழியாகக் காரில் வந்து இறங்குவார் என்பது மட்டும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. என் மண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கல்லையெல்லாம் கழற்றி இந்தப் பக்கம் பதித்துவிடலாம் என்று ஞானதாஸ் சொன்னார். இந்திராணி உளியை எடுத்தாள். ஆனால் சுவரை நெருங்கவில்லை. கல் நன்றாக இறுகிவிட்டது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து சாயங்கால பஸ்ஸிலிருந்து ராஜாத்தி இறங்கி வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. பெயரை இந்தப் பக்கம்தான் வைப்பார்கள் என்று நம்பி, தினமும் வேலை முடிந்து வரும்போது வெறும் சுவரில் கையை வைத்து உயரம் பார்த்துவிட்டுப் போனவள் அவள் ஒருத்திதான். ஊரில் ரோட்டு வழியாகவே வந்து போனவளும் அவள் ஒருத்திதான்.

“ராஜாத்தி, பேரு அந்தாண்ட போயிடுச்சும்மா” என்றாள் இந்திராணி. “இருட்றதுக்குள்ள கழட்டி இந்தாண்ட வெச்சிட்றேன்.”

“கழட்டும்போது ஒடையுமா?”

பொய் சொல்ல இந்திராணிக்கு வரவில்லை. “ஒடையலாம்” என்றாள்.

ராஜாத்தி டிபன் கூடையைப் பெஞ்சில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். சுவரின் ஓரமாகப் போய்த் தண்ணீர் விளிம்பில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். ஞானதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் அவர் கையைப் பிடித்து அடக்கினேன். பிறகு அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதலில் முழங்கால், அப்புறம் இடுப்பு. ஐயோ என்று இந்திராணியும் பின்னாலேயே குதித்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. கையில் உளி வேறு.

நாங்கள் எல்லோரும் சுவரோரம் எட்டிப் பார்த்தோம். ராஜாத்தி கல்லில் உள்ளங்கையை வைத்திருந்தாள். ஒவ்வோர் எழுத்தாக விரலை ஓட்டினாள். பிறகு நெற்றியைக் கல்லில் சாய்த்து அழுதாள், வாய்விட்டு, ஊர் பார்க்க. அவன் போன நாளில்கூட அவள் அப்படி அழவில்லை என்று ராஜாத்தியின் பக்கத்து வீட்டுக்காரி ஜமுனா சொன்னாள். கரையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கு மூக்கும் ஒழுகியது.

“தலைவரே, கழட்டாதீங்க” என்றாள் ராஜாத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “கைக்கு எட்டுது.”

“நாளைக்கு அதிகாரி வர்றாரேம்மா.”

“வரட்டும். எங்க ஊட்டுக்காரரு இந்தாண்டதானே போனாரு. அவரு மூஞ்சிய ரோட்டுப் பக்கம் திருப்பி வெச்சா யாரப் பாத்துக்குனு இருப்பாரு?”

ராஜாத்தி சட்டென்று கீழே பார்த்தாள். “கால்ல இறா ஓடுது” என்றாள். குனிந்து சேற்றில் கையை விட்டாள். நிமிர்ந்தபோது விரல்களுக்கு நடுவில் ஓர் இறால் துள்ளியது. போட இடம் இல்லாமல் சுற்றிப் பார்த்தவள், கழுத்தளவு பயத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இந்திராணியின் கையில் அதைத் திணித்தாள். “பிடி, உட்றாதே” என்றாள். இந்திராணி உளியை விட்டுவிட்டு இறாலைப் பிடித்துக்கொண்டாள். அந்த உளி இன்றைக்கும் ஏரிக்குள்தான் இருக்கிறது.

மறுநாள் விழா தண்ணீரில் நடந்தது. அதிகாரிக்கு ஆரஞ்சு நிற ஜாக்கெட் மாட்டிப் படகில் ஏற்றினார்கள். அவர் திரைக் கயிற்றைப் பிடித்து இழுக்கிற நேரத்தில் காற்று படகைத் தள்ளிவிட்டது. திரை அப்படியே இருக்க, அதிகாரி வேறு பக்கம் போனார். இரண்டாவது முறை ஞானதாஸ் கழியை ஊன்றிப் படகை நிறுத்த, திரை விலகியது. சுற்றிலும் முப்பது நாற்பது படகுகள், நடுவில் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள். அதிகாரி நல்ல மனிதர். பேச்சைச் சுருக்கி, நான்கு பெயர்களையும் உரக்கப் படித்து, ஒரு நிமிஷம் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். படகில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஷாமியானாக்காரரின் நாற்காலிகளும் வீண்போகவில்லை. வெறும் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம்.

ராஜாத்தி இப்போதும் கேன்டீன் வேலைக்குப் போகிறாள். லீவு நாளில் மட்டும் ஏரியில் இறங்குகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை இந்திராணியும் நானும் படகில் அந்த வழியாகப் போனோம், பக்கத்துக் குப்பத்தில் ஒரு குழாயடி மேடைக்கு அளவெடுக்க. ராஜாத்தி பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவியபடி சுவர்ப் பக்கம் வந்தாள். வாய் பேச முடியாது. எங்களைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினாள். பிறகு நிமிர்ந்து, சேற்றுக் கையை அப்படியே பெயரின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு, குனிந்து வேலையைத் தொடர்ந்தாள்.

தான் கட்டியதில் ஒரு காக்கா எச்சம் பட்டாலும் ஊரைக் கூட்டுகிறவள் இந்திராணி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“தண்ணி மொண்டு ஊத்திக் கழுவலாமா?” என்று கேட்டேன், வேண்டுமென்றே.

“கைய வெச்சே, தள்ளி வுட்ருவேன்” என்றாள்.

மற்ற மூன்று பெயர்களும் பளபளவென்று இருக்கின்றன. ஆதிகேசவன் பெயரில் மட்டும் எப்போது போனாலும் சேறு இருக்கிறது.