ஊரார் பிள்ளைக்குச் சொல்லும் வார்த்தை

ஜிபாரின் முதல் இரண்டு குழந்தைகளும் பல் முளைக்கும் முன்பே போய்விட்டன. மூத்தது பெண். பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, "நிலாத்துண்டு மாதிரி இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரமே காய்ச்சல். இரண்டாவது பையனைப் பற்றியும் யாரோ எதையோ சொல்லியிருக்கத்தான் வேண்டும். கல்லடி படலாம், கண்ணடி படக்கூடாது என்பதில் கிர்கிஸ் மலைநாட்டு நாரின் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. அதனால் மூன்றாவது பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை ஜன்னல் வழியே வாங்கிக்கொண்டு போய், வாசல் வழியே திரும்பி வந்து, ஒரு பழைய சல்லடைக்கு ஜிபாரிடமே விற்றாள். சாவு தேடி வந்தால், இது வேற்று வீட்டுப் பிள்ளை என்று ஏமாந்து திரும்பிவிடும். பெயரும் அதற்கேற்ப சத்கின், விற்கப்பட்டவள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. நெற்றியில் கரி, கூப்பிட நாய்க்குட்டி, கரிச்சட்டி, சாணி. "ஏ சாணி, திங்க வா" என்று ஜிபார் கூப்பிட்டால் அதில் அவள் உயிரே இருக்கும். நல்ல வார்த்தை எல்லாம் எதிர்வீட்டுப் பிள்ளை மீரிமுக்குத்தான். "மீரிமைப் பாரு, எவ்வளவு சமத்து."

கணவன் கட்டட வேலைக்கென்று ரஷ்யா போனான். அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அதன் பிறகு அதே வார்த்தைகள் வேறு குரலில் வரத் தொடங்கின. ஜிபார் உணவகத்தில் நாள் முழுக்கப் பாத்திரம் கழுவிவிட்டு வருவாள். வீட்டில் அடுப்பு அணைந்திருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள். ஒரு பனிக்காலத்தில் கையில் கிடைத்தது வறட்டி கிளறும் இடுக்கி. அடுப்பு அப்போதுதான் அணைந்திருந்ததால் அது இன்னும் சூடாக இருந்தது. பள்ளியில் சட்டைக்கை மேலேறியபோது ஆசிரியை பார்த்துவிட்டாள்.

சத்கினைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகள் ஆணையம் ஜிபாருக்கு ஒரே ஒரு வழி விட்டது. கோடை வரும்வரை வாரம்தோறும் ஆணையத்தின் பயிற்சி மையத்துக்கு வந்து, மகளோடு விளையாடிப் பழக வேண்டும். தேறினால் பிள்ளை வீட்டுக்கு வரும். இல்லாவிட்டால் கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள விடுதிக்குப் போய்விடும்.

மையத்தில் பழக்கிவிட்டவள் பெரிசாத். ஜிபாரைவிடச் சின்னவள், தலைநகரில் படித்தவள். தாயும் மகளும் அறையில் விளையாட, அவள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஜிபாரின் காதிலிருக்கும் கருவியில் மெதுவாகச் சொல்லிக்கொடுப்பாள். சத்கின் மரக்கட்டைகளை வட்டமாக அடுக்கிக் கூடாரம் கட்டுவாள்.

"நல்லா கட்டியிருக்கன்னு சொல்லுங்க அக்கா" என்று காதில் குரல் கேட்கும்.

"கோணலா இருக்கு, கழுதை" என்பாள் ஜிபார்.

விளையாட்டு முடிந்ததும் பெரிசாத் கேட்பாள்: "ஏன்க்கா திட்டுறீங்க?"

"எங்க திட்டினேன்?"

"கழுதைன்னீங்களே."

"பின்னே, குதிரைன்னா சொல்ல முடியும்? நீயும் கிர்கிஸ் பொண்ணுதானே. உங்கம்மா உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

பெரிசாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சப்பைமூக்கின்னு. ஆனா எங்கம்மா என்னைச் சுட்டதில்லைக்கா."

ஜிபார் தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"ஆணையத்திலிருந்து அம்மா ஒருத்தங்க பாக்க வராங்க. அவங்க எதிர்ல ஒரு தடவையாவது நல்லதா சொல்லுங்க. ஒண்ணும் ஆயிடாது."

"தாய்க் கண்ணுதான் முதல்ல படும் தங்கச்சி. ரெண்டைக் கொடுத்தவளுக்குத் தெரியும்." கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "சரி, சொல்றேன்" என்றாள். "உசுரோட எங்கயோ இருக்கிறதைவிட, கண்ணு பட்டாலும் என்கிட்டயே இருக்கட்டும்னு தோணுது. பாவி மனசு."

ஆணையத்து அம்மாள் வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சத்கின் கூடாரத்தின் கடைசிக் கட்டையை வைத்தாள். ஜிபார் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ரொம்ப நல்லா கட்டியிருக்க. நீ சமத்துப் பொண்ணு."

சத்கினின் கை நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போய்த் தாயைப் பார்த்தாள்.

"என்னை யாருக்குக் குடுத்துட்ட?"

"என்னடி?"

"மீரிமைத்தானே அப்படிச் சொல்லுவ. நான் உன் பிள்ளை இல்லையா? இனிமே நான் விடுதிப் பிள்ளையா?"

"நல்லா கேளுங்க அக்கா, அவளை அணைச்சுக்கோங்க" என்று காதில் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. ஜிபாருக்கு எதுவும் ஏறவில்லை. பிள்ளை நழுவுகிறது என்பது மட்டும் தெரிந்தது. தெரிந்த ஒரே கயிற்றை எறிந்தாள்.

"வாயை மூடு, நாய்க்குட்டி. என் சாணி. உன்னை எவ வாங்குவா?"

சத்கினின் முகத்தில் ரத்தம் திரும்பியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த ஜிபார், தாங்க முடியாமல் தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

சத்கின் சட்டென்று தலை குனிந்து முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பு இன்னும் உதட்டில்தான் இருந்தது.

ஜிபாரின் கை அந்தரத்தில் நின்றது.

ஆணையத்து அம்மாள் போனபின் பெரிசாத் தாழ்வாரத்துக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"திட்டினதைப் பத்திப் பேசினேன்க்கா. அவங்களும் நம்ம ஊர்தான், புரிஞ்சுக்கிட்டாங்க. அது தாயோட பேச்சுன்னு அவங்களே சொன்னாங்க."

"அப்புறம்?"

"அவ குனிஞ்சதைக் காட்டிக் கேட்டாங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு. விடுதிக்குத்தான் அனுப்பணும்னு எழுதிட்டாங்க."

ஜிபார் தலையாட்டினாள். "என் கையைப் பாத்து அடிதான்னு நினைச்சுட்டா" என்றாள். பிறகு, "அவ மேல தப்பில்லை" என்றாள்.

ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தபோது விடுதி வண்டி வந்தது. சத்கின் அழவில்லை. பொரித்த மாவுருண்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "குளிர் விட்டதும் வருவியா?" என்று கேட்டாள். குளிர் எப்போதோ விட்டிருந்தது. ஜிபார் அதைத் திருத்தவில்லை. வருவேன் என்றாள். கன்னத்தைத் தொடாமல், சட்டையின் பொத்தானை மட்டும் போட்டுவிட்டாள். கையை மிக மெதுவாக, கீழிருந்துதான் கொண்டுபோனாள். அப்படியும் பிள்ளையின் கண்கள் அந்தக் கையை விட்டு நகரவில்லை.