மாமா கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பழனிக்கு மாலை போட்ட வருஷம் பார்த்துத்தான் அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தது. முருகன் என்னைச் சோதிக்கிறான் என்றே நினைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

முதல் பாகத்தை நானும் மாமாவும்தான் போய்ப் பார்த்திருந்தோம். தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம். செவ்வாய்க் கிரகத்துக்குப் போனவர்கள் திரும்புகிற அவசரத்தில், கூடவே உழைத்த ஒற்றைக்கை ரோபோவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மணலில் பாதி புதைந்து கிடக்கும் அதன் கண்ணில் நீல விளக்கு விட்டு விட்டு எரிவதோடு படம் முடியும். மாமாவுக்கு செக்காலைப் பக்கம், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. அவரால் அந்த முடிவைத் தாங்க முடியவில்லை. "லைட்டு எரியுதுல்ல? அப்ப உள்ள கரண்டு இருக்கு. சரி பண்ணிறலாம். வந்து கூட்டிட்டுப் போயிருவாக பாரு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த ரோபோவுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாகம் வந்தபோது அவர் காவி வேட்டியும் கழுத்தில் மாலையுமாகச் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். சாமிமார் சினிமா பார்க்கக் கூடாது. அப்பாவோ வெளியூரில். அம்மாவுக்கு சினிமாக் கொட்டகைக்குள் போனாலே தலைவலி. வியாழக்கிழமையோடு படத்தை எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன்.

"சாமி விரதத்துல இருக்காக. அவுகளப் போயி சினிமாவுக்குக் கூப்பிடுறியே, கூறு இருக்கா ஒனக்கு?" என்று அம்மா என்னை அதட்டினாள்.

மாமா நெற்றியைத் தடவிக்கொண்டே, "பாக்கத்தானக்கா கூடாது? பிள்ளைக்குத் தொணைக்குப் போறதுல என்ன? கண்ண மூடிட்டு உக்காந்துக்கிறேன்" என்றார். அம்மா சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்தாள். அங்கிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.

பகல் காட்சிக்குப் போனோம். டிக்கெட் கிழிக்கிறவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "சாமி, நீங்களுமா?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். விளக்கை அணைத்ததும் இரண்டு கையையும் மடியில் வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அப்புறம் நான்தான் அவருக்குக் கண். ராக்கெட் கிளம்புது, மணல் புயல் அடிக்குது, இப்ப அங்குட்டு ஓடுறாக என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்வரிசையில் ஒருத்தர், "சாமி நல்லாத் தூங்குது, ஏப்பா காலைல பூசை பலமோ?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா அசையவில்லை. இடைவேளையில் கண்ணைத் திறந்தார். அதற்குள் ஒரு அம்மா வந்து கையை நீட்டி விபூதி கேட்டது. மடியிலிருந்து எடுத்துப் பூசிவிட்டார். திரையில் ஜவுளிக்கடை விளம்பரம் வந்ததும் மறுபடி மூடிக்கொண்டார். விளம்பரமும் சினிமாவில் சேர்த்தியா என்று அவருக்குச் சந்தேகம்.

மாமா என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "கண்ணுல லைட்டு எரியுதா ஆத்தா?"

எரிந்துகொண்டுதான் இருந்தது. தேடிப் போனவர்கள் அதை மணலிலிருந்து தோண்டி எடுத்தார்கள். ஆனால் கடைசியில் ராக்கெட் கிளம்பச் சக்தி போதவில்லை. அந்த ரோபோ தன் நெஞ்சிலிருந்த பேட்டரியைத் தானே பிடுங்கிக் கொடுத்தது. நீல விளக்கு மங்கி, மங்கி, அணைந்துவிட்டது. கொட்டகையே அமைதியாகிவிட்டது. நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

"லைட்டு எரியுதா ஆத்தா?"

மாமா முகத்தைப் பார்த்தேன். எனக்கு மனசு வரவில்லை. "எரியுது சாமி. ராக்கெட்டுல ஏறிருச்சு" என்றேன்.

"ஏறிருச்சா?"

"ஏறி உக்காந்திருச்சு."

"முருகா" என்று சொல்லிவிட்டு மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே வெயிலுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. மாலை போட்ட சாமியிடம் பொய் சொல்லிவிட்டேனே! அந்தப் பாவம் மாமா காலில் வந்து விடிந்தால் பழனி வரைக்கும் எப்படி நடப்பார்? அவர் நடைபயணம் கிளம்பிய நாளிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினேன். "பொய் சொன்னது நான், மாமா இல்லை" என்று பிள்ளையாருக்கு விளங்கும்படி சொல்லித் தோப்புக்கரணம் போட்டேன். அண்ணன் அவர், தம்பியிடம் எடுத்துச் சொல்ல மாட்டாரா என்று ஒரு நம்பிக்கை.

மாமா திரும்பி வந்தார். பாதம் முழுக்கக் கொப்புளம். அதைப் பார்த்ததும் நான் ஓவென்று அழ, "மாமா மேல எம்புட்டுப் பாசம் பாருங்க" என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொன்னாள். கால் ஆறும் வரைக்கும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். ஆறியது. சாமி மன்னித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் கடையில் ஒருத்தர், "அந்த ரோபோ கடைசில செத்துப் போச்சேண்ணே" என்றார். மாமா காயில் சுற்றுவதை நிறுத்தாமலே, "நீ தூங்கிருப்ப. அது ராக்கெட்டுல ஏறிருச்சு. எம் மருமக பாத்துச் சொன்னா" என்றார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். மாமா என்னை எவ்வளவு நம்புகிறார் என்று நெஞ்சு குளிர்ந்துபோனது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் பணியாரத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த ரோபோவின் குரல் கேட்டது. "என் சக்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்." பிறகு ஒரு பெண், "கண்ணைத் திற, எங்களை விட்டுப் போகாதே" என்று கதறினாள். எல்லாம் நல்ல தமிழ். அடுப்படியில் இருந்த எனக்கு ஒரு வார்த்தை விடாமல் விளங்கியது. எட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். விரதத்துக்காக மாமா மூடிக்கொண்டது கண்ணை மட்டும்தான் என்பது அந்த ஒன்பது வயதுக்குத் தோன்றவே இல்லை.