வேங்கையனுக்கு வைத்த மஞ்சள்

கொழும்புக்குப் போன கணவனிடமிருந்து மூன்று வருஷமாகக் கடிதம் இல்லை. உலகம்மை சாலைக் கடைத்தெருவில் அண்ணன் கோலப்பன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணி ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலே சோற்றுப் பானையை எட்டிப் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. சினிமா ஸ்டூடியோவில் தையல் வேலை கிடைத்ததும் உலகம்மை மணக்காடு பகுதியில் வாடகைக்கு ஓர் அறை பிடித்துவிட்டாள். ஆனால் வேலை பதினைந்து நாளைக்குத்தான். தைத்து முடித்தால் மறுபடியும் அண்ணன் வீடு.

வேங்கையன் படம் அது. பேசாத படக் காலத்தில் காட்டுக்குள் கொடி பிடித்துத் தாவிய அதே வேங்கையனை, இருபது வருஷம் கழித்து, 1951இல், தமிழிலும் மலையாளத்திலும் பேசவிட்டு எடுத்தார்கள். இரண்டு யானை, லாரி லாரியாக வாழைமரம், தோண்டிய குளத்தில் நிஜ முதலை. இந்த ஊரில் அவ்வளவு செலவில் யாரும் படம் எடுத்ததில்லை.

உடுப்புப் பிரிவின் தலைவர் தங்கையன் புள்ளி போட்ட வெல்வெட்டைக் கொடுத்து, “எம்மா உலகம்மை, வேங்கையனுக்கு ஒரே மாதிரி ஆறு உடுப்பு. சண்டையில கிழியும், தண்ணியில நனையும்” என்றார்.

முதல் உடுப்பைத் தைத்து முடித்தவள், இடுப்பு முடிச்சிலிருந்து தொங்கும் வெளிறிய முனையில் கட்டைவிரலால் மஞ்சள் வைத்தாள். புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் உடுத்தக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. ஆறும் ஒரே ஆளுக்குத்தானே என்று மற்றவற்றுக்கு வைக்கவில்லை.

முதல் உடுப்பில் நான்கு நாள் படம் பிடித்தார்கள். தினமும் சோப்புப் போட்டு அலசியதில் மஞ்சள் சிவந்து பரவியது. ஐந்தாம் நாள் இரண்டாவது உடுப்பு. மறுநாள் மாலை, அதுவரை எடுத்ததையெல்லாம் திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். வேங்கையன் மரத்திலிருந்து குதிக்கும்போது இடுப்பில் கறுப்பாக ஒரு திட்டு. தரையில் வந்து நிற்கும்போது இல்லை.

டைரக்டர் ஸ்ரீனிவாசன் விளக்கைப் போடச் சொன்னார். “ஓய் தங்கையன்! பாதி வழியில கறை எங்கே போச்சு? காத்துல துவைச்சுண்டானா?”

“சலவைக்காரன் ஏதாவது...” என்று தங்கையன் இழுத்தார்.

வாசலில் உலகம்மை நின்றிருந்தாள். பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம். செய்யாத தப்புக்குச் சலவைக்காரன் வேலை போகும்.

“நான்தான் சார். புதுத்துணின்னு மஞ்சள் வச்சேன்.”

“மஞ்சளா? காட்டுல பொறந்து குரங்கோட வளந்தவன்மா அவன்! அவனுக்கு யார் மஞ்சள் வைப்பா?”

“அவனையும் ஒருத்தி பெத்துத்தானே சார் போட்டா?” என்றார் தங்கையன். “அவ இருந்திருந்தா வச்சிருப்பா.”

காமிராக்காரர்தான் முதலில் சிரித்தார். டைரக்டர் சிரிக்கவில்லை; ஆனால் அவர் குரல் தணிந்தது. யானைகள் திரும்பிப் போய்விட்டன. அந்த நான்கு நாள் காட்சியை மறுபடி எடுக்க வழியில்லை. மிச்ச ஐந்து உடுப்புக்கும் அதே கறை வேண்டும் என்றார். சாயம் தீட்டுகிறவர் தீட்டிப் பார்த்தார். திரையில் தார் ஒட்டியதுபோல இருந்தது. உலகம்மை மஞ்சள் வைத்து, காயவிட்டு, சோப்பு நீரில் அலசிக் காட்டினாள். சரியாக வந்தது. ஆனால் நனைந்து காய்ந்தால் வெளுத்தது.

“அப்போ இந்தம்மா தினம் இங்கே இருக்கணும்” என்றார் டைரக்டர். “படம் முடியற வரைக்கும்.”

ஏழு மாதம் எடுத்தார்கள். காலையில் நடிகர் வந்து நிற்பார். உலகம்மை முனையைப் பார்த்து மஞ்சளும் சோப்பு நீரும் தொட்டு வைப்பாள். இடையிடையே மற்ற நடிகர்களின் உடுப்பில் கிழிந்ததைத் தைப்பாள், பொத்தான் வைப்பாள், அளவெடுப்பாள். படம் முடிந்தபோது அவளைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மணக்காட்டு அறையையும் அவள் காலி செய்யவில்லை.

தீபாவளிதோறும் ஒரு தூக்குச் சட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து தங்கையன் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

“எதுக்கும்மா வருஷா வருஷம்? நான் என்ன செஞ்சேன்? வாயில வந்ததச் சொன்னேன்.”

“அந்த நேரத்துல அது வந்துதே அண்ணாச்சி” என்பாள். சட்டியை அவர் மனைவி ரத்னாபாயின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.