நான் நிறுத்திய இரண்டாவது மாத்திரை

மார்ச் 11, செவ்வாய். ஐந்தரைக்குத் தண்ணீர் பிடித்தேன். ஆறரைக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போட்டேன். ஏழு மணிக்குப் புடவையில் ரத்தம் பார்த்தேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது.

உடம்பு அனலாகக் கொதித்ததற்கு டாக்டர் இரண்டு மாத்திரைகள் எழுதியிருந்தார். இரவில் போடும் புரொஜெஸ்டிரோன் எனக்குத் தலைசுற்றலைத் தந்தது. காலடிப்பேட்டையில் அடுத்த வீட்டு மேரியக்காவும் அனலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "நான் ஒண்ணுதான் போட்டுகினு கீறேன். எனக்கு இன்னா ஆயிடுச்சி? குத்துக்கல்லாட்டம் கீறேன் பாரு" என்றார். அன்றே இரவு மாத்திரையை நிறுத்தி, தேதியையும் அக்கா சொன்னதையும் டைரியில் எழுதினேன். அது ஏழு மாதம் முன்பு.

ரத்தம் பார்த்த அன்றே டைரியோடு டாக்டரிடம் போனேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். "அவங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா?"

"எடுத்து ஒம்போது வருஷம் ஆவுது."

"உங்களுக்கு இருக்கே. அதோட உள்சுவர் தடிக்காம இருக்கத்தான் ரெண்டாவது மாத்திரை."

ஸ்கேனில் தடித்திருந்தது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் டைரியில் தேதி மட்டுமே எழுதினேன். புற்று இல்லை என்று முடிவு வந்தது. இப்போது குறைந்த அளவில் இரண்டையும் போடுகிறேன். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்துவதில்லை. ஆனாலும் உடை மாற்றும்போதெல்லாம் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.

முடிவு வந்த மறுநாள் காலை முதல் வேலையாக மேரியக்கா வீட்டுக்குப் போனேன். "ஒரு மாத்திரையே போதும்னு இன்னும் யார் யாருக்குக்கா சொல்லிக்கீறே?" என்று கேட்டேன். அவர் யோசித்து யோசித்துச் சொன்ன பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டேன்.