ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மனைவி

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆகிவிட்டால், வேல்ஸில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் எல்லோரும் எல்லோரையும் ஒரே கேள்வி கேட்பார்கள். "வீக்கெண்டுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம் ஊரில் "சாப்பாடு ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே நடந்துபோவது மாதிரிதான். வந்த புதிதில் இது எனக்குப் புரியவில்லை. வார்டு சிஸ்டர் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். "எங்கேயும் போகவில்லை, சிஸ்டர். சனிக்கிழமை முழுவதும் குவார்ட்டர்ஸில்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பேன். வேண்டுமானால் போர்ட்டரிடம் விசாரித்துக்கொள்ளலாம்" என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். துணைக்கு ஆளில்லாத பெண் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த ஞாயிறே தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, தட்டு நிறைய அவித்த உருளைக்கிழங்கு வைத்தார்.

வார இறுதியில் எங்கே இருந்தேன் என்று ஒப்பிக்கும் பழக்கம், எண்பதுகளின் நடுவில் மதுரையில் மருத்துவம் படித்தபோது வந்தது. எங்கள் வீடு இராஜபாளையத்தில். அப்பா பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் போட்டு, ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்தார். தன் தறியில் நெய்த துணியைத் தன் மகள் நோயாளிக்குக் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசையோடு ஒரு சட்டமும் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததும் நான் ஊருக்கு பஸ் ஏறிவிட வேண்டும். ஞாயிறு காலை கிளம்பி, சாயங்காலம் ஆறு மணிக்குள் விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மற்ற பெண்கள் கொடைக்கானல், குற்றாலம் என்று கிளம்பும்போது நான் பையில் சர்ஜரி புத்தகத்தைத் திணித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடுவேன்.

ஜெயராஜ் என் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கடைசி ஒன்றரை வருடப் படிப்பு தொடங்கியபோது அம்மா என் ஜாதகத்தை வெளியே எடுத்தார். பயந்துபோய் மதுரையிலேயே பதிவுத் திருமணத்துக்கு எழுதிக் கொடுத்தோம். முகவரி விடுதி முகவரி. முப்பது நாள் எங்கள் இருவர் பெயரும் அலுவலகப் பலகையில் தொங்கின. இராஜபாளையத்துக்காரர் யாராவது அந்தப் பக்கம் வந்துவிடுவாரோ என்று முப்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நண்பர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். முடிந்த கையோடு மத்தியான கிளினிக்குக்கு ஓடினோம். அவன் ஆண்கள் வார்டுக்கு, நான் பெண்கள் வார்டுக்கு. இரண்டு பேரும் பாஸ் பண்ணிய பிறகுதான் வீட்டில் சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டோம். கையில் ஒரு காகிதம் இருந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். பயம் இரட்டிப்பானது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் மனைவியாக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்வேன். அவன் காலை ஆராதனை முடிந்ததும் மதுரைக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு வருவான். இரண்டு பேரும் வத்திராயிருப்பு பஸ்ஸில் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து பிளவக்கல் அணைக்குப் போவோம். எங்களுக்குக் கிடைத்த தேனிலவு அந்த மூன்று மணி நேரம்தான். அதிலும் பாதி பாடம். நான் கேள்வி கேட்பேன், அவன் திணறுவான்.

ஒரு ஞாயிறு தைராய்டு பரிசோதனையைப் பழகிக்கொண்டிருந்தோம். நோயாளிக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் கழுத்தைத் தடவிப் பார்த்து, எச்சிலை விழுங்கச் சொல்ல வேண்டும். நான் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்க, அவன் பின்னால் நின்று என் கழுத்தில் கை வைத்திருந்தான்.

"ஏலே! அந்தப் புள்ள கழுத்த என்னலே பண்ணுத?" அணைக் காவலாளி கம்போடு ஓடி வந்தார்.

"டாக்டருக்குப் படிக்கோம்ணே. பரீட்சைக்காகப் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றான் ஜெயராஜ்.

"படிக்கதுக்கு இங்கன வரணுமாக்கும்? யாரு நீங்க ரெண்டு பேரும்?"

ஜெயராஜ் என்னைப் பார்த்தான். பிறகு சொல்லிவிட்டான். "புருசன் பொண்டாட்டி."

அதுவரை எவரிடமும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காவலாளி என் கழுத்தைப் பார்த்தார், குனிந்து கால் விரல்களைப் பார்த்தார்.

"கழுத்துல ஒண்ணையும் காணோம், கால்ல மிஞ்சியும் இல்ல. யாருகிட்ட கத விடுதீக? செத்த நேரத்துல பஸ் வரும், ஏறிப் போயிருங்க. தாயி, உன் வீட்டுல தேட மாட்டாகளா?"

பஸ்ஸில் மறுபடியும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தோம்.

பின்னாளில் வேல்ஸுக்கு வந்தபின் ஒருமுறை ஜெயராஜும் நானும் கடலோரத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனோம். அப்போது அவனுக்கு வேறு ஊரில் வேலை; இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் சந்திப்போம். அந்த வீட்டுக்கார அம்மாள் நோட்டைத் திறந்து பெயர் கேட்கும் முன்பே, நான் கைப்பையிலிருந்து திருமணச் சான்றிதழை எடுத்து மேசைமேல் விரித்துவிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரை வரைக்கும் பொறுமையாகப் படித்தார். "லவ்லி, டியர்" என்று மடித்துத் திருப்பித் தந்தார். "காலையில் உங்களுக்கு முட்டையா, மீனா?" இப்படியும் ஒரு தேசமா என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் அந்த இரண்டு நாளும் கதவுக்கு வெளியே காலடி கேட்டபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

மதுரையில் கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு என்னைக் கிளம்ப விடாமல் நிறுத்திவைத்தார்கள். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் டாக்டர் மாப்பிள்ளை என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார். அணைக்குப் போகும் பஸ் நேரத்தில் நான் பட்டுச்சேலையில் காபித் தட்டோடு நின்றேன். படித்தவர்கள், அஞ்சு நிமிஷம் பேசிக்கொள்ளட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. வீட்டுல தெரியாது" என்றேன். அவர் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி, "பரீட்சை எப்போ?" என்று மட்டும் கேட்டார். கீழே போய், பெண் நிறம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா அன்றைக்கு ஆடிப்போய்விட்டார். தெருவில் அவர்கள் கார் திரும்பும் வரைக்கும் நின்று திட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து, எனக்கு விவரம் தெரிந்து முதல் தடவையாக, என் தலையில் கை வைத்தார். "நீ படி தாயி. அவன் கெடக்கான். என் புள்ளைக்கு என்ன கொற?" கண் கலங்கியிருந்தது. அவர் அடித்திருந்தால்கூட நான் அன்றே சொல்லியிருப்பேன். அந்தக் கையின் கீழே நின்றுகொண்டு எதையும் சொல்ல முடியவில்லை.

நான் பாஸ் ஆனேன். ஜெயராஜ் சர்ஜரியில் ஃபெயிலானான். இன்னும் ஆறு மாதம். "இப்பவே சொல்லிருவோம். எனக்கு மூச்சு முட்டுது" என்றான். நான் சம்மதிக்கவில்லை. ஃபெயிலான பையனுக்குக் கழுத்தை நீட்டினேன் என்று அப்பா முன்னால் நிற்க எனக்குத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புகளையும் நானே நிறுத்தினேன். "பாஸ் பண்ணு, பொறவு பாக்கலாம்." விடுதி வார்டனைக் காட்டிலும் கடுமையாக இருந்தேன். அந்த ஆறு மாதத்தில் அவன் என்னிடம் பாடத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அதை இன்றும் அவன் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவன் தேறிய வாரத்தில் சத்திரப்பட்டிக்குப் போனேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில், "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுப்பா" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். தறிகள் ஓய்ந்தன. வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன தாயி சொன்ன?"

இரண்டாவது தடவை மெதுவாகச் சொன்னேன். யார் பிள்ளை, என்ன மதம் என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன்.

"எம்புட்டு நாளாச்சு?"

"ரெண்டு வருசம்."

அவர் முகம் எதையோ தேடியது. "அப்போ அந்த இங்கிலாந்துப் பையன் வந்தப்போ?"

"ஆயிருச்சு."

"நான் அவனத் திட்டும்போது நீ பக்கத்துலதான் நின்ன. நான் உன் தலையில கை வச்சப்பவும் பேசாமத்தான் நின்ன." அவ்வளவுதான் சொன்னார். போய் சுவிட்சைப் போட்டார். அதற்குமேல் எங்களுக்குள் எதுவும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தோம். கடல் தாண்டினால் விடுதலை என்று நினைத்து வந்தவர்களில் நானும் ஒருத்தி. உங்களில் சிலருக்கும் அந்த நினைப்பு இருந்திருக்கலாம். மகள் பிறந்தபின் அப்பா கடிதம் போட்டார்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. ஜெயராஜைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் விடுமுறைக்குப் போகும்போது பெட்டிகளை இரண்டாகப் பிரித்துக் கட்டுகிறோம். ஜெயராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டில், நானும் மகளும் இராஜபாளையத்தில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு போனில் பேசிக்கொள்கிறோம்.

போன விடுமுறையில் திரும்பும் நாளன்று, மதுரை வரைக்கும் தானும் வருவதாக அப்பா சொன்னார். முன் இருக்கையில் பெட்டிகள். பின்னால் அவர், நான், மடியில் மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கார் நின்றதும் ஜெயராஜ் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அப்பா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"சாயங்காலமானா கால் வீங்குது. எதனாலன்னு கேளு."

நான் திரும்பி ஜெயராஜிடம் கேட்டேன், அவனுக்குக் கேட்கவே இல்லை என்பதுபோல. அவன் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"உப்பக் கொறைக்கச் சொல்லு. ரத்தம் டெஸ்ட் பண்ணணும்னு சொல்லு."

நான் இந்தப் பக்கம் திரும்பி அதைச் சொன்னேன். நாங்கள் மூவரும் தமிழில்தான் பேசிக்கொண்டோம். வளைவுகளில் கார் இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்தது. யார் தோளிலும் பட்டுவிடாமல், முன் இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மதுரை வரும்வரை நான் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.